கைக்கருவியும் கடைக் கணினியும்: ஒத்திசைத்தல் பற்றிய விளக்கம்



கைப்பேசியில் எழுதி வைத்திருக்கும் பெயர்களும் தொலைபேசி எண்களும் நாள்காட்டிக் குறிப்புகளும், கடையில் மேசை மீதிருக்கும் கணினியிலும் அப்படியே தோன்றும்படி செய்து கொள்வதைப் பற்றி அங்கத்தினர் சிலர் விளக்கம் கேட்டிருக்கின்றனர். இதனைச் 'சிங்க்' என்று ஆங்கிலத்தில் சொல்லுகிறார்கள். தமிழில் ஒத்திசைத்தல் என்று எழுதி வருகிறார்கள். நான் கணினிப் படிப்புப் படித்தவனல்லன், கடைக்காரன். ஆகவே கடைக்காரருக்குப் புரியும் பேச்சிலேயே சொல்ல முற்படுகிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கடைப் பையன்களே காட்டி விடுவார்கள். அழுத்தினால் உள்ளே நடப்பது யாது என்பதைத்தான் முதலாளி அறிந்திருத்தல் வேண்டும்.

வியாபாரிக்குச் சரக்கு மட்டும் மூலதனமன்று. யாரிடம் வாங்குகிறோம், யாருக்குக் கடன் விட்டிருக்கிறோம், எந்தத் தேதியில் தவணை, பின்தேதிக் காசோலை எப்போது வங்கிக்குப் போக வேண்டும், வேலையாட்களின் பெர்மிட் எந்த மாதம் முடிகிறது, கடை லைசென்சும் ஹலால் சான்றிதழும் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பனவெல்லாம் மூலதனமே. முன்பு இவை கல்லாப் பெட்டியின் பக்கத்திலிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தில் இருந்தன. இன்று நம்மிற் பலருக்கு இவையனைத்தும் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியில் மட்டுமே உள்ளன. சட்டைப் பை கிழியலாம். பேருந்தில் கை தவறலாம். ஆதலால் இரண்டாவது ஏடு ஒன்று வேண்டியிருக்கிறது.

இரண்டு ஏடு வைத்துக்கொள்வதிலுள்ள தொல்லையை நாம் அறிவோம். பினாங்கில் ஒரு கடையும் ஈப்போவில் ஒரு கடையும் வைத்திருக்கும் முதலாளி ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். இரு கடையிலும் இரண்டு கணக்கப்பிள்ளைமார். இருவரிடமும் வாடிக்கையாளர் பெயர்ப் புத்தகம் ஒவ்வொன்று. வாரம் ஒரு முறை இருவரும் சந்தித்துப் புத்தகங்களை ஒத்துப் பார்க்கிறார்கள். ஐந்நூறு பெயரையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பார்களா? மாட்டார்கள். சென்ற சந்திப்புக்குப் பிறகு புதிதாக எழுதியவற்றுக்கும் திருத்தியவற்றுக்கும் பக்க ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளியுள்ளவற்றை மட்டும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். முடிந்ததும் புள்ளிகளை அழித்துவிடுவார்கள். ஒத்திசைத்தல் என்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை. சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவது ஒரு வழிப் பாதை. இது இரு வழிப் பாதை. வித்தியாசம் அவ்வளவே.

இம்முறையைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டு வந்தது 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'பைலட்' என்னும் கைக்கருவி. பாம் நிறுவனத்தின் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர், கருவியைச் செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்து, யாரேனும் தேதி கேட்டால் கட்டையை எடுத்து எழுதுவது போல் பாவனை செய்து பார்த்தாராம். தையற்காரர் அளவெடுப்பது போன்ற வேலை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அந்தக் கருவியில் பெயர்ப் பட்டியல், நாட்குறிப்பு, செய்யவேண்டிய வேலைகள், சிறு குறிப்பு ஆகியவை இருந்தன. மேசை மேல் ஒரு தாங்கி. அதில் கருவியை நிறுத்தித் தாங்கியிலுள்ள ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், கருவியும் கணினியும் தங்கள் ஏடுகளை ஒத்துப் பார்த்துக் கொள்ளும். இதற்கு 'ஹாட்சிங்க்' என்று பெயர்.

அக்கருவிக்குச் சிறிய பேட்டரி இரண்டு போட வேண்டும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் உள்ளே எழுதியது அனைத்தும் அழிந்துவிடும். ஆனால் யாரும் அதற்காக அழுததில்லை. புதுப் பேட்டரி போட்டுத் தாங்கியில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், கணினியிலிருந்த ஏட்டைப் பார்த்து எல்லாம் திரும்பி வந்தன. அக்காலத்தில் ஏடு உண்மையாகவே நம் மேசைக் கணினிக்குள் இருந்தது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன். விண்டோஸ் கைக்கருவிகளுக்கு 'ஆக்டிவ்சிங்க்' என்றும், நம்மில் பலர் வைத்திருந்த நோக்கியா கைப்பேசிகளுக்குப் 'பிசி சூட்' என்றும் இதே வேலைக்கு வேறு பெயர்கள் வந்தன. பாம் நிறுவனத்தை ஹெச்.பி. நிறுவனம் 2010-இல் வாங்கி, 2011-இல் அக்கருவிகளைச் செய்வதையே நிறுத்திவிட்டது. கருவி போனாலும், அது கற்பித்த பாடம் இன்றைக்கும் செல்லும்.

அந்தப் பாடம் யாதெனில், பொத்தானை அழுத்துமுன் நாம் என்ன விரும்புகிறோம் என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். பாம் கருவியின் கணினிப் பக்கத்தில் நான்கு வழிகள் இருந்தன. இரண்டையும் ஒத்திசை என்பது ஒன்று. கணினியிலுள்ளதைக் கொண்டு கருவியிலுள்ளதை மாற்றி எழுது என்பது மற்றொன்று. கருவியிலுள்ளதைக் கொண்டு கணினியை மாற்றி எழுது என்பது மூன்றாவது. ஒன்றும் செய்யாதே என்பது நான்காவது. நடு இரண்டும் கத்தி போன்றவை. புதுக் கருவியை வாங்கி வந்து, அதில் ஒரு பெயரும் இல்லாத நிலையில், 'கருவியைக் கொண்டு கணினியை மாற்றி எழுது' என்று சொல்லி விட்டால் என்ன ஆகும்? வெற்று ஏட்டைப் பார்த்து நிறைந்த ஏட்டை அழித்துக் கொள்ளும். கணினி தவறு செய்யவில்லை; சொன்னதைச் செய்தது. இன்றைக்கும் புதுக் கைப்பேசியைக் கணக்கோடு இணைக்கும்போது 'சேர்த்துக்கொள்' என்பதா, 'மாற்றி எழுது' அல்லது 'கைப்பேசியிலிருந்து நீக்கு' என்பதா என்று ஏதோ ஒரு வடிவில் கேள்வி வரும். பதில் தெரியாவிட்டால் 'சேர்த்துக்கொள்' என்பதையே தொடுங்கள். சேர்த்ததால் ஒரு பெயர் இரண்டு முறை வந்தால், பிற்பாடு ஒன்றை நீக்கிக் கொள்ளலாம். அழிந்தது அவ்வளவு எளிதில் வராது.

இரு கணக்கப்பிள்ளைமாரும் ஒரே பெயரை வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால் என்ன செய்வது? பினாங்குக்காரர் வாடிக்கையாளரின் புதிய எண்ணை எழுதியிருக்கிறார். ஈப்போக்காரர் அதே வாடிக்கையாளருக்கு வேறோர் எண்ணை எழுதியிருக்கிறார். பாம் கருவி இத்தகைய இடத்தில் தானாக நியாயம் வழங்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு, 'நீயே பார்த்துக்கொள்' என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். மிகவும் மரியாதையான முறை. இன்றைய ஏற்பாடுகள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. இரண்டில் ஒன்றைத் தாமே வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதும் உண்டு. ஆகையால் ஒரே பெயரைக் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திருத்தாமல், ஓரிடத்தில் திருத்தி அது மறுபுறம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பின் அடுத்த வேலைக்குப் போவது நல்லது.

இனி அழித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே நம்மவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம்.

ஈப்போக்காரர் ஒரு பெயரைப் புத்தகத்திலிருந்து கிழித்துப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். சந்திப்பின்போது பினாங்குக்காரர் அந்தப் பெயர் தம்மிடம் மட்டும் இருப்பதைக் காண்கிறார். அது அவர் புதிதாக எழுதிய பெயரா, மற்றவர் வேண்டாமென்று அழித்த பெயரா? வெற்றிடத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆகவே அழித்த இடத்தில் ஓர் அடையாளம் நட்டு வைக்க வேண்டியிருக்கிறது. கபுருக்கு மீஸான் கல் வைப்பது போல, 'இங்கே இன்ன பெயர் இருந்தது, அடக்கமாகி விட்டது' என்று சொல்லும் அடையாளம். கணினி வல்லுநர்களும் இதற்குக் கல்லறைக் கல் என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை மறுபுறத்து ஏடு கண்டவுடன், தன்னிடமுள்ள அதே பெயரையும் அடக்கம் செய்து விடும்.

இதன் பொருள் என்ன? கைப்பேசியில் அழித்தால் கணினியிலும் அழியும். கணினியில் அழித்தால் கைப்பேசியிலும் அழியும். 'கைப்பேசி நிரம்பி விட்டது, பெயர்களைக் குறைப்போம், கணினியில்தான் ஒரு பிரதி இருக்கிறதே' என்று எண்ணுவது பெரும் பிழையான எண்ணம். கணினியிலிருப்பது பிரதியன்று, அதே ஏட்டின் மறுபக்கம். ஏடுகள் ஒத்திருப்பது வேறு, ஏடு பத்திரமாயிருப்பது வேறு. ஒத்திசைப்பு முன்னதைத் தரும். பின்னதை நாம்தாம் செய்து கொள்ள வேண்டும். பாம் கருவியில் ஒரு பெயரை அழிக்கும்போது, 'கணினியில் பழம்பிரதி ஒன்றை எடுத்து வைக்கவா?' என்று கேட்கும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அதை வைத்த புண்ணியவான் ஒரு வியாபாரியின் மகனாக இருந்திருக்க வேண்டும்.

நிற்க. இன்றைய நிலைமை முன்பிருந்ததற்கு மாறானது. கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு சேர்த்து ஒத்திசைப்பவர்கள் மிகச் சிலரே. இப்போது ஏடு கைப்பேசியிலும் இல்லை, மேசைக் கணினியிலும் இல்லை. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்டு போன்ற நிறுவனங்களின் தொலைதூரக் கணினியில் இருக்கிறது. ஆப்பிளின் 'ஐகிளவுட்' 2011-இல் வந்தது. கைப்பேசியும் கடைக் கணினியும் அந்த ஏட்டைப் பார்க்கும் இரண்டு ஜன்னல்கள். ஜன்னல் உடைந்தால் ஏட்டுக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கைப்பேசி வாங்கி அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் வந்துவிடும். இது பெரிய சௌகரியம்தான். ஆனால் கணக்கின் சாவி தொலைந்தால் எல்லா ஜன்னலும் ஒன்றாக மூடிக் கொள்ளும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, பெயர்கள் உண்மையாகவே அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகின்றனவா என்பது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புதுப் பெயர் எழுதும்போது, எங்கே வைப்பது என்னும் இடத்தில் 'சிம்', 'கைப்பேசி', 'கூகுள் கணக்கு' என்று இருக்கும். சிம் என்றோ கைப்பேசி என்றோ இருந்தால் அப்பெயர் ஒத்திசையாது. பல ஆண்டுகளாக எழுதி வந்த பெயர்களில் பாதி சிம்மிலும் பாதி கணக்கிலுமாகக் கிடப்பதைச் சாதாரணமாகக் காணலாம். சோதிப்பது எளிது: கைப்பேசியில் 'சோதனை' என்று ஒரு பெயர் எழுதுங்கள், கடைக் கணினியில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் தோன்றினால் சரி. பிறகு கணினியில் அதை அழித்து, கைப்பேசியில் மறைகிறதா என்று பாருங்கள். இரு வழியும் திறந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அதுவே. மின்கல மிச்சப் பயன்முறை போட்டிருந்தால் ஒத்திசைவு தாமதமாகும் என்பதையும் மறவாதீர்.

தவறுதலாக அழிந்து விட்டால் பதற்றம் வேண்டாம். ஆனால் தாமதமும் கூடாது. கூகுளில் அழித்த பெயர்கள் 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். கணினியில் பெயர்ப் பட்டியலைத் திறந்து, கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நாளைக் குறிப்பிட்டு, 'அன்றிருந்தபடி ஆக்கு' என்று சொல்லவும் வழியுண்டு. அப்படிச் செய்யுமுன் இப்போதுள்ள பட்டியலைத் தனிக் கோப்பாக இறக்கிக் கொள்ளுங்கள். இல்லையேல் இடையில் சேர்த்த புதுப் பெயர்கள் போய்விடும். ஐகிளவுடிலும் இது போன்ற மீட்பு வழி இருக்கிறது. வீட்டில் அதே கணக்கோடு பழைய கைப்பேசி ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தால் அதையும் நினைத்துக் கொள்ளுங்கள். வலையில் சேராதபடி அதைத் திறக்க முடிந்தால், அழிவுச் செய்தி எட்டாத பழைய ஏடு அதில் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் எதிர்பார்த்திருப்பதைவிட, மாதம் ஒரு முறை பட்டியலைக் கோப்பாக இறக்கிக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைப்பது மேல். 'வி-கார்டு' என்பதும் 'சி.எஸ்.வி.' என்பதும் அக்கோப்பின் இரு வகைகள். முன்னது வேறு கைப்பேசிக்கு மாற்ற உதவும். பின்னது கணக்குத்தாள் போல் திறந்து அச்சிட உதவும். இரண்டும் எடுத்தால் இன்னும் நலம். இந்தக் கோப்பு ஒத்திசைப்புக்கு உட்பட்டதன்று. எவர் எதை அழித்தாலும் இது அசையாது.

நம்மைப் போல் கடல் கடந்து வியாபாரம் செய்வோர் எழுதும் முறையிலும் சிறிது கவனம் செலுத்த வேண்டும். மலேசிய எண்ணை 012 என்று தொடங்கி எழுதிவிட்டு, ஜோகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வந்து அழைத்தால் அது போய்ச் சேராது. சிங்கப்பூரின் எட்டு இலக்க எண் மலேசியாவில் தனியே செல்லாது. எல்லா எண்களையும் கூட்டல் குறியோடு, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, இந்தியாவுக்கு 91 என்று நாட்டு எண் சேர்த்தே எழுதி வையுங்கள். மலேசிய எண்ணில் 60-ஐச் சேர்க்கும்போது முன்னாலுள்ள பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும்.

நேரமும் அப்படியே. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். (1982-க்கு முன் சரியாக இரண்டு மணிதான், அவ்வாண்டு பிறந்தபோது இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.) சென்னைக்குப் போய்ச் சரக்கு முகவரைக் காலை 10 மணிக்குச் சந்திக்க வேண்டுமென்று சிங்கப்பூரிலிருந்து எழுதி வைத்தால், சென்னையில் இறங்கியதும் கைப்பேசி அதை 7.30 என்று காட்டும். எழுதும்போதே இந்திய நேரம் என்று குறிப்பிட வேண்டும். தவணைத் தேதிகளுக்கு மணியே போடாமல் 'நாள் முழுதும்' என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜகாத் தேதி விஷயத்தில் அதிக ஜாக்கிரதை தேவை. ஆண்டுக்கு ஒரு முறை நினைவூட்டு என்று நாள்காட்டியில் போட்டால், வழக்கமாக அது ஆங்கில ஆண்டையே எண்ணும். ஹிஜ்ரி ஆண்டோ 354 அல்லது 355 நாள்தான். ஆகவே அந்த நினைவூட்டல் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் பிந்தி வரும். 33 ஆங்கில ஆண்டில் 34 ஹிஜ்ரி ஆண்டு கழிந்துவிடும். ஒரு முழு ஆண்டின் ஜகாத் கணக்கிலிருந்தே நழுவிப் போகும். கணினியும் கைப்பேசியும் மிகச் சரியாக ஒத்திருக்கும். இரண்டும் ஒரே தவறைக் காட்டும். இந்த ஆண்டு கொடுத்து முடித்ததும், அடுத்த ஹிஜ்ரி ஆண்டின் அதே தேதியைப் பார்த்துக் கையால் எழுதி வைப்பதே வழி. கைப்பேசி காட்டும் ஹிஜ்ரி தேதி கணித முறையில் அமைந்தது. ரமலானும் பெருநாளும் சிங்கப்பூரில் முஃப்தியும் மலேசியாவில் அரசர்களின் முத்திரைக் காப்பாளரும் அறிவிக்கும் நாளே என்பதை யாவரும் அறிவர்.

கடையில் வேலை செய்யும் தம்பிமார் தங்கள் சொந்தக் கைப்பேசியில் கடை வாடிக்கையாளர் எண்களை எழுதிக்கொண்டால், அவை அவர்களுடைய கணக்கிலே போய்ச் சேரும். அவர் ஊருக்குப் போகும் நாளில் அந்தப் பெயர்களும் போய்விடும். அவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஏடு வாங்கிக் கொடுக்க வேண்டியது முதலாளி. கடையின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, கடைக் கைப்பேசியிலும் கணினியிலும் அதையே வைத்துக் கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் எண்ணும் விலாசமும் நம்மிடம் இருக்கும் அமானிதம். மலேசியாவில் 2010-இலும் சிங்கப்பூரில் 2012-இலும் தனிப்பட்ட விவரங்களைக் காக்கச் சட்டமும் இயற்றியிருக்கிறார்கள். பழைய கைப்பேசியை விற்குமுன் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு முழுவதும் துடைத்துக் கொடுக்க வேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்காதீர்கள். கணக்கு இணைந்திருக்கும்போது அழித்தால் மீஸான் கல் கடைக் கணினி வரைக்கும் போய் நடப்படும்.

கடைசியாக ஒன்று. சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதும், திருக்குர்ஆனில் அதுவே நீளமான வசனம் என்பதும் நாம் மதரஸாவில் ஓதியதுதான். ஒருவர் மவுத்தானால், சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைக்க வேண்டும். எழுதி வைத்த ஏடு பூட்டிய கைப்பேசிக்குள் கிடந்து, சாவி அவரோடு கபுருக்குப் போய்விட்டால் வாரிசுகள் என்ன செய்வார்கள்? வரவேண்டியதும் தெரியாது, கொடுக்கவேண்டியதும் தெரியாது. கணக்குடையவர் நீண்ட நாள் வராமலிருந்தால் அவர் குறிப்பிட்ட நபருக்கு விவரங்களைக் கொடுக்கும் ஏற்பாடு கூகுளில் 2013 முதல் உண்டு. ஆப்பிளும் 2021-இல் வாரிசுத் தொடர்பாளர் என்னும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. இரண்டும் உயிரோடிருக்கும்போதே நாம் குறித்து வைத்தால்தான் செல்லும். இரண்டாண்டு தொடாத தனியார் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே தள்ளிப் போடவும் இயலாது.

இத்துடன், கொடுக்கல் வாங்கல் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை காகிதத்தில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைத்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். பெயர், எண், தொகை, தவணைத் தேதி, அச்சிட்ட தேதி ஆகியவை அதில் இருந்தால் போதும். இரண்டு படிச் சோதனைக்காகக் கூகுள் கொடுக்கும் மாற்று எண்கள் பத்தையும் அதே உறையில் போடலாம். கைப்பேசி தொலைந்தாலும் கணக்கைத் திறக்க அவை உதவும். அச்சிடும்போது கல்லாவிலுள்ள ரசீது இயந்திரத்தில் அச்சிட வேண்டாம். அது சூட்டினால் எழுத்து தோன்றும் காகிதம். சில காலத்தில் மங்கி வெறுந்தாளாகிவிடும். சாதாரணத் தாளில் சாதாரண அச்சு இயந்திரத்தில் எடுத்துக் கொள்ளவும்.